அப்பா அழுத படம் எனக்குப் பிடிக்கவில்லை

கேள்வி: எனக்கு 29 வயது. குடும்பக் கதை என்று எந்தப் படம் வந்தாலும் விடாமல் பார்த்துவிடுவேன். ஆனால் சமீபத்தில் வந்தவற்றில் பாதிக்கு மேல் எரிச்சலைத்தான் தருகின்றன. அப்பா கஷ்டப்படுகிறார், கடைசியில் பிள்ளைகள் அவரைப் புரிந்துகொண்டு அழுகிறார்கள். பிள்ளைகளை யார் புரிந்துகொள்கிறார்கள்? போன மாதம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து '3 பிஎச்கே' பார்த்தோம். படம் முடிந்த உடனே நான் எழுந்து விளக்கைப் போட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். "இதில் அழுவதற்கு என்ன இருக்கு? தன் ஆசையைப் பிள்ளை தலையில் கட்டிவிட்டு அதற்குத் தியாகம் என்று பேரா?" என்று கேட்டுவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மூன்று வாரம் ஆகிறது. எதுவானாலும் அம்மா மூலமாகத்தான் சொல்லி அனுப்புகிறார். அம்மாவோ, "படத்தைப் படமாப் பார்க்கத் தெரியாதா உனக்கு?" என்று என்னைத்தான் திட்டுகிறார். எனக்கு ரொம்பப் பிடித்த 'பறந்து போ' ஓடும்போது அப்பா பாதியில் எழுந்து போனதை யாரும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வீட்டுக் கடன் தவணையில் பாதியை நான்தான் கட்டுகிறேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் 'திருச்சிற்றம்பலம்' பார்த்தபோது தேம்பித் தேம்பி அழுதவள் நான். ஏன் என்று இன்றும் தெரியவில்லை. எனக்குப் பாசம் இல்லையா? என் கருத்து தவறா? மன்னிப்புக் கேட்க வேண்டுமா? அப்பாவோடு சேர்ந்து பார்க்க ஒரு நல்ல படமும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை சினிமா ரசனை பற்றிய கேள்வியாகத் தெரிந்தது. இரண்டாவது தடவை, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தத் தவணை வரியில் நின்றுவிட்டேன். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

பாசம் இல்லாதவர்கள், அப்பா பேசி எத்தனை வாரம் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை இத்தோடு விட்டுவிடுங்கள்.

உங்கள் கருத்திலும் தவறில்லை. பெற்றோரின் ஆசையைப் பிள்ளை சுமப்பதைப் படம் போதுமான அளவு கேள்வி கேட்கவில்லை என்பது நேர்மையான விமர்சனம். ஒரு ரசிகையாக அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. எனக்கு அந்தப் படம் உங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தது. ஸ்ரீ கணேஷ் இயக்கிய அந்தப் படத்தில் சொந்த வீடு என்கிற ஒரே ஆசையைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் வருடக்கணக்கில் ஓடுகிறார்கள். கையில் கொஞ்சம் சேர்ந்துவிட்டது என்று நிமிரும்போதெல்லாம் ஏதாவது ஒரு செலவு வந்து சேமிப்பைக் கரைத்துவிட்டுப் போகிறது. சரத்குமாரின் அப்பாவுக்கும் சித்தார்த்தின் மகனுக்கும் நடுவில் இருப்பது சண்டை என்று சொல்ல முடியாத ஒன்று. அப்பா கேட்கிறார், மகனால் கொடுக்க முடியவில்லை. கொடுக்க முடியாதவன் மீது அப்பாவுக்குக் கோபம் வருவதைவிட, அவன் மீது அவனுக்கே வரும் கோபம்தான் பெரிதாக இருக்கிறது. அந்த நசுங்கலைப் படம் காட்டியது என்பது என் எண்ணம். காட்டிவிட்டு, வீடு என்ற முடிவை நோக்கி அவசரமாகப் போய்விட்டது என்று நீங்கள் சொன்னால் அதையும் மறுக்க மாட்டேன்.

இன்னொன்றை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. உங்கள் அப்பாவை அழவைத்த படமும் உங்களுக்குப் பிடித்த 'பறந்து போ'வும் ஒரே நாளில், 2025 ஜூலை 4 அன்று, திரைக்கு வந்தவை. ஒன்றில், பிள்ளைகள் தலைநிமிர்ந்து வாழ ஒரு வீடு வேண்டும் என்று பெற்றோர் ஓடுகிறார்கள். ராம் இயக்கிய மற்றொன்றில், மாதத் தவணைகளுக்காகப் பெற்றோர் ஆளுக்கொரு பக்கம் ஓட, சின்னப் பையன் பூட்டிய வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அப்பா ஒரு நாள் அவனை வண்டியில் ஏற்றி வெளியே கூட்டிப் போகிறார். அதற்குப் பிறகு பையன் ஓட ஓட அப்பா பின்னாலேயே ஓடவேண்டியதாகிறது. ஒரே வீட்டின் கதையை ஒரு படம் அதை வாங்குகிறவர் பக்கமிருந்து சொல்கிறது, இன்னொரு படம் அதற்குள் பூட்டப்பட்டவன் பக்கமிருந்து சொல்கிறது. உங்கள் அப்பா ஒரு படத்தில் உட்கார்ந்து அழுதார், மற்றதில் எழுந்து போனார். நீங்கள் அப்படியே தலைகீழாகச் செய்தீர்கள். அந்தக் கூடத்தில் இரண்டு பேருமே படத்தை மிகச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் என்றே நான் சொல்வேன்.

"படத்தைப் படமாப் பார்" என்று அம்மா சொல்வது உங்கள் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தத்தான். ஆனால் குடும்பக் கதையை யாராலும் அப்படிப் பார்க்க முடியாது. பேய்ப் படம் பார்த்துவிட்டு நம் வீட்டில் பேய் இருக்கிறதா என்று யாரும் விவாதம் செய்வதில்லை. குடும்பப் படம் முடிந்ததும் "அந்த அப்பா செய்தது சரியா?" என்று ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே பேச்சு வீட்டுக்குள் வந்துவிடும். படத்திலிருக்கும் நாலைந்து பேரில் யாராவது ஒருவர் பக்கத்தில் போய் நாம் உட்கார்ந்துவிடுகிறோம். அங்கிருந்துதான் மற்றவர்களைப் பார்க்கிறோம்.

யார் பக்கத்தில் உட்காருகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2020இல் வந்த 'தி ஃபாதர்' எனக்குக் காட்டியது. ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கும் ஒரு கிழவரின் கதை. அதை ஃப்ளோரியன் ஸெல்லர் மகளின் பக்கமிருந்து சொல்லாமல், அந்தக் கிழவரின் தலைக்குள் நம்மை உட்கார வைத்துவிடுகிறார். வீட்டில் இருந்த பொருள்கள் நமக்குத் தெரியாமலே மாறுகின்றன. மகள் என்று ஒருத்தி வருகிறாள். அடுத்த காட்சியில் அதே மகள் என்று சொல்லிக்கொண்டு வேறொரு நடிகை வந்து நிற்கிறார். ஆன்டனி ஹாப்கின்ஸுக்கு 83 வயதில் ஆஸ்கர் விருது வாங்கித் தந்த படம். ஞாபகமறதி வந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இவ்வளவு நாளும் அம்மா பிடிவாதம் பிடிக்கிறார் என்றே நினைத்தேன். அவர் பயந்துபோய் இருந்திருக்கிறார்" என்றார். அதற்குமேல் அன்றைக்கு அவரால் பேச முடியவில்லை. நானும் பேசச் சொல்லவில்லை.

சரி, அந்தத் தவணை வரிக்கு வருவோம்.

குடும்ப ஆலோசனை படிக்கிறவர்கள் எல்லோரும் கடந்துவரும் ஒரு பெயர் இவான் போசோர்மெனி-நாஜ். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர். ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பேரேடு இருக்கிறது என்பது அவர் சொன்ன முக்கியமான கருத்துகளில் ஒன்று. யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், யாருக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது என்று எல்லோர் மனதிலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். பணக் கணக்கும் அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான். அந்தக் கணக்கைக் கொஞ்சமாவது நேர் செய்வது, கொடுத்தவர் கொடுத்தார் என்று மற்றவர் வாய்விட்டு ஒப்புக்கொள்வது. அது நடக்காத வீட்டில் கணக்கு அப்படியே நிற்கும். அடுத்த தலைமுறையின் தலையிலும் வந்து விழும்.

உங்கள் அப்பா அன்றைக்கு அழுதபோது அவருடைய பேரேட்டைத்தான் திறந்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். 'நானும் இப்படித்தான் ஓடினேன்' என்று அவர் வாயால் சொல்லத் தெரியாததை ஒரு படம் அவருக்காகச் சொன்னது. அதுவும் உங்களை எல்லாம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னது. அவர் துடைத்தது கண்ணாடியை. ஈரமாக இருந்தது கண். அந்த நிமிடம் விளக்கு எரிந்தது, உங்கள் வாக்கியமும் வந்தது. நீங்கள் படத்தின் மேல் வைத்த விமர்சனம், அவர் காதில் அவருடைய முப்பது வருடத்தின் மேல் வைத்த தீர்ப்பாக விழுந்திருக்கும்.

உங்களுக்கும் ஒரு பேரேடு இருக்கிறது. வீட்டுக் கடன் தவணையில் பாதி உங்களுடையது. அதில் வருத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நம்புகிறேன். ஆனால் சினிமா பற்றிய ஒரு கடிதத்தில், யாரும் கேட்காமல், அந்த வரி ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பணம் கொடுப்பதில் வருத்தம் இல்லாமல் இருக்கலாம். கொடுப்பதை யாரும் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாததில் வருத்தம் இருக்கலாம். 'பிள்ளைகளை யார் புரிந்துகொள்கிறார்கள்?' என்று நீங்கள் படங்களைப் பார்த்துக் கேட்டது, வீட்டில் கேட்க முடியாததால்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதைக் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தவரிடம், வேறு யாருடைய கதையையோ சாக்காக வைத்துக் கேட்டதுதான் சிக்கலாகிவிட்டது.

அப்புறம், 'திருச்சிற்றம்பலம்'. அதில் நீங்கள் ஏன் அழுதீர்கள் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. 2022இல் வந்த அந்தப் படத்தில் ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவும் மகனும் வருடக்கணக்கில் பேசிக்கொள்வதில்லை. பிரகாஷ்ராஜும் தனுஷும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கடந்து போக, நடுவில் தாத்தாவாக பாரதிராஜா இருக்கிறார். இரண்டு பக்கத்துப் பேச்சும் அவர் வழியாகத்தான் போய் வருகிறது. மரே போவன் என்ற மனநல மருத்துவர் இதை முக்கோணம் என்பார். இரண்டு பேருக்கு நடுவில் இறுக்கம் தாங்க முடியாமல் போகும்போது மூன்றாவது ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இறுக்கம் கொஞ்சம் தணியும். ஆனால் அந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசவேண்டிய கட்டாயமும் அதோடு போய்விடும். அந்தத் தாத்தாவைப் பார்த்து நாம் எல்லோரும் சிரித்தோம், ரசித்தோம். அவர் மட்டும் இல்லாவிட்டால் அந்த இருவரும் இன்னும் சீக்கிரம் முட்டிக்கொண்டு, இன்னும் சீக்கிரம் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. இப்போது உங்கள் வீட்டில் அந்த இடத்தில் அம்மா நிற்கிறார். ஆனால் முக்கோணம் ஒன்றும் மூன்று வாரத்தில் முளைப்பதில்லை. முன்பும் அப்பா உங்களிடம் சொல்லவேண்டியதை அம்மா வழியாகவே சொல்லி வந்தாரா? அப்படியென்றால் நீங்கள் தேம்பி அழுததில் புதிர் ஒன்றும் இல்லை.

அந்தப் படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. இந்த வகைப் படங்கள் பலவற்றிலும் உண்டு. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகிறது, அதற்குப் பிறகுதான் மகன் கிட்டே வருகிறான். விழுந்த உடம்பு, கேட்கவேண்டிய மன்னிப்பைத் தானே கேட்டுவிடுகிறது. திரையில் அது வேலை செய்கிறது, நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் அப்படி ஒரு ஆஸ்பத்திரிக் காட்சிக்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். 'ஏதாவது ஒன்று ஆகும், அப்போது பேசிக்கொள்ளலாம்' என்று. சிலருக்கு அந்தக் காட்சி வரவே இல்லை. வந்த சிலருக்கு, பேச வேண்டியவரால் பேச முடியாத நிலை. இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து சினிமாவைப் பின்பற்றாதீர்கள்.

இரண்டரை மணி நேரத்தில் முடிக்கவேண்டியிருப்பதால் படங்களுக்கு அந்தக் குறுக்குவழி தேவைப்படுகிறது என்பதும் புரிகிறது. உறவு சரியாவதில் பெரும்பகுதி வெறுமனே பக்கத்தில் இருப்பதுதான். அதைக் காட்டினால் படம் நீளம் என்பார்கள். 2024இல் பிரேம் குமார் இயக்கிய 'மெய்யழக'னுக்கு அதுதான் நடந்தது. சொத்துத் தகராறில் ஊரைவிட்டுப் போன ஒருவர் 22 வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்குத் திரும்பி வருகிறார். அன்பைக் கொட்டும் ஒரு சொந்தக்காரர் கூடவே இருக்கிறார், அவர் பெயர் மட்டும் இவருக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு இரவு முழுக்கப் பேச்சு. படம் வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். எனக்கு அந்தச் செய்தி வருத்தமாக இருந்தது. ஒரு முடிவும் எட்டாமல், ஒரு திருப்பமும் இல்லாமல் இரண்டு பேர் பேசிக்கொண்டே இருப்பதைத்தான் நான் என் அறையில் தினமும் மக்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறேன். ஊர் திரும்பியவராக வரும் அரவிந்த்சாமி அந்தச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பிப் போகும் குற்ற உணர்ச்சி உங்களுக்குப் புரியும். மூன்று வாரமாக நீங்களும் அப்பாவும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள், ஒரே வீட்டுக்குள்.

மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்றால், ஆம். ஆனால் கருத்துக்காகக் கேட்காதீர்கள். 'நான் சொன்னது தப்பு, படம் நல்ல படம்தான்' என்று நீங்கள் சொன்னால் அது பொய் என்று அவருக்கே தெரியும், உங்கள் பேரேட்டில் இன்னொரு வரியும் ஏறும். நேரத்துக்காகக் கேளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இவ்வளவுதான் சொல்வேன்: "அப்பா, அன்னைக்கு நீங்க கண் கலங்கி உட்கார்ந்திருந்தப்ப நான் விளக்கைப் போட்டு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு." இதற்குப் பிறகு 'ஆனால்' என்று ஒரு வார்த்தை வந்தால் முன்னால் சொன்னதெல்லாம் வீண். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அம்மாவைத் தூது அனுப்பாதீர்கள். அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்வது இன்னும் நல்லது. அவர் இருந்தால் அப்பா உங்களுக்குச் சொல்லவேண்டிய பதிலை அவரிடம்தான் சொல்லுவார்.

அதே நாளிலோ அடுத்த நாளிலோ, அப்பா முகம் கொஞ்சம் இளகியிருந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'படம் பிடித்ததா?' என்று கேட்காதீர்கள், அது மறுபடி விவாதத்தில் போய் நிற்கும். "எந்த இடத்துல உங்களுக்குத் தாங்க முடியாமப் போச்சு?" என்று கேளுங்கள். அவர் ஒரு காட்சியைச் சொல்வார். அந்தக் காட்சிக்குப் பின்னால் அவருடைய வாழ்க்கையில் நடந்த ஏதோ ஒன்று இருக்கும். உங்களுக்கு இதுவரை தெரியாத ஒன்றாகக்கூட இருக்கலாம். 'ஒண்ணுமில்லை, சும்மாதான்' என்று சொல்லிவிட்டு எழுந்து போனாலும் பரவாயில்லை. கேட்டீர்கள் என்பது அவருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். துரத்தாதீர்கள்.

உங்கள் கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். அதை விழுங்கிக்கொண்டே போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது வேறு ஒரு நாள், சில வாரம் கழித்து, எந்தப் படமும் ஓடாத நேரத்தில். "தவணை கட்டுறது எனக்குச் சுமையா இல்லப்பா. ஆனா நீங்க ஒரு தடவையாவது அதைப் பத்திப் பேசினா நல்லா இருக்கும்னு தோணுது" என்கிற மாதிரி உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். உண்மையிலேயே சுமையாக இருந்தால் 'இருக்கிறது' என்றே சொல்லுங்கள். தொகையைக் குறைப்பது பற்றியும் பேசலாம். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியாது. பல அப்பாக்கள், பிள்ளை முகம் சுளிக்காமல் கொடுத்தால் அங்கே கேட்க எதுவும் இல்லை என்றே நினைத்துவிடுகிறார்கள். தாங்களும் அப்படித்தானே கொடுத்தோம் என்ற எண்ணம்.

இதெல்லாம் உங்கள் வீட்டுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் கோபம் இருக்கிறது, பயம் இல்லை. அப்பாவின் கையோங்கலுக்குப் பயந்து வளர்ந்த பிள்ளைகள் இதைப் படித்தால், திரையில் வரும் மன்னிப்பைத் தாங்களும் கொடுத்தே ஆகவேண்டும் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு நான் சொல்வது முற்றிலும் வேறாக இருக்கும்.

கடைசியாக, அப்பாவோடு பார்க்க ஒரு படம் கேட்டிருந்தீர்கள். நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அப்பாவே ஒன்றைப் போடட்டும், அது எவ்வளவு பழைய படமாக இருந்தாலும் சரி. முடிந்த பிறகு பெயர்கள் ஓடி முடிகிறவரை உட்கார்ந்திருங்கள். விளக்கை அவர் எழுந்து போடட்டும்.